மேடைக்கு எத்தனை வாட்ஸ்?

தேவாரத்திலிருந்து உத்தமபாளையம் போகும் சாலையில், கோம்பைக்கு முன்னால் வருவது பண்ணைப்புரம். வெளியூர்க்காரர்களுக்கு இளையராஜாவின் ஊர் என்று சொன்னால் போதும். இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கோ, அந்த வீட்டில் முதலில் மேடையில் பேர் வாங்கியவர் அண்ணன் பாவலர் வரதராஜன்தான். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்காக மலைக்கு மேலே தேயிலைத் தோட்டங்களிலும் பாடினார். தம்பிகள் கூடச் சேர்ந்தபோது அது பாவலர் பிரதர்ஸ் ஆனது. அன்றைய கூட்டங்களுக்கு ஒலி ஏற்பாடு என்பது சின்ன விஷயம். ஒரு மைக், ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர், கம்பத்திலோ மரக்கிளையிலோ கட்டிய ஒரு குழாய்.

அந்தக் குழாயைக் கேலி செய்ய வேண்டாம். சாதாரண ஸ்பீக்கர் தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஓரிரு பங்கைத்தான் ஒலியாக்கும், மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும். மெல்லிய தகடு கனமில்லாத காற்றை நேராகத் தள்ளப் பார்க்கும்போது அதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. படிப்படியாக விரியும் கூம்பு அந்தப் பிடிமானத்தைத் தருகிறது. அதனால்தான் இருபது முப்பது வாட்ஸை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே எழுப்ப முடிந்தது. விலையாகக் கொடுத்தது கீழ்ச்சுருதி. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குழாய் எதையும் உருப்படியாகத் தராது. கிட்டாரின் தடித்த கம்பியோ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அப்படியானால் குழாய் வழியே அந்தக் கம்பி கேட்கவே கூடாதே? கேட்கும். கம்பி 82இல் மட்டும் அதிர்வதில்லை. 165, 247, 330, 412 என்று மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. குழாய் 330க்கு மேலுள்ளவற்றை அனுப்பிவிடும். அவற்றுக்கு இடையில் சீராக 82 இடைவெளி இருப்பதைக் கண்டுகொண்டு, வராத அடிச்சுருதியை மூளையே போட்டுக்கொள்ளும். கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரில் பேஸ் கேட்பதாகத் தோன்றுவதும் இதே கணக்கில்தான்.

பண்ணைப்புரத்துத் தம்பி இளையராஜா பின்னாளில் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறினார், சலீல் சௌத்ரியின் குழுவில் கிட்டார் வாசித்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதன் பிறகு தமிழ்நாட்டில் எந்த ஊர் ஆர்கெஸ்ட்ராவும் கிட்டார் இல்லாமல் மேடையேற முடியாது என்றாகிவிட்டது. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா தொடங்கி, கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் நடக்கும் அம்மன் கோயில் கொடை வரை, கீபோர்டு, பேட், தபேலா, பேஸ் கிட்டார், லீடு கிட்டார் என்று குழுக்கள் ஏறி இறங்குகின்றன. இந்த மேடைகளுக்கு வரும் புதிய கிட்டார்காரர் முதலில் கேட்பது, எத்தனை வாட்ஸ் ஆம்ப் வாங்கலாம் என்பதைத்தான்.

என்னைக் கேட்டால், அவர் மனதில் நினைத்திருப்பதில் கால் பங்கு போதும். ஏன் என்பதற்கு இயற்பியல் கொஞ்சம் வேண்டும்.

ஒலியை டெசிபலில் அளக்கிறோம். வாட்ஸ் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு ஒலி இரட்டித்தது போலத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு வாட்ஸ் பத்து மடங்காக வேண்டும். 50 வாட்ஸை விற்றுவிட்டுக் கடன் வாங்கி 100 வாட்ஸுக்குப் போகிறவருக்குக் கிடைப்பது, குமிழைக் கொஞ்சம் திருகினாலே வந்திருக்கும் வித்தியாசம். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. செலஸ்டியன் நிறுவனத்தின் 12 அங்குல 'விண்டேஜ் 30' ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 100 டெசிபல் தரும். அதே நிறுவனத்தின் 'கிரீன்பேக்' 98 தரும். இந்த 2 டெசிபலை வாட்ஸால் ஈடுகட்ட வேண்டுமானால் ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். விளம்பர அட்டையில் பெரிய எழுத்தில் போடும் எண்ணைவிட உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் இந்த எண் பெரியது.

இனி திறந்தவெளிக்கு வருவோம். கூரையும் சுவரும் இல்லாத இடத்தில், தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 100 டெசிபல் ஸ்பீக்கரோடு ஒரு 30 வாட்ஸ் ஆம்பை முழுதாகத் திறந்தால் ஒரு மீட்டரில் 115 டெசிபல். இரண்டு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவருக்கு 109. மேடையிலிருந்து 32 மீட்டர் தள்ளிக் கடலை வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு 85. 85 என்பது பாட்டுக் கச்சேரிக்குத் தாராளமாகப் போதும்தான். ஆனால் அதை அவருக்குக் கொடுக்க, வாசிப்பவர் தன் காதை அடகு வைக்க வேண்டும். அமெரிக்கத் தொழில்சார் நல ஆய்வு நிறுவனத்தின் வரம்புப்படி 85 டெசிபலை ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாகும். 109 டெசிபலுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் வருவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. நம் ஆர்கெஸ்ட்ரா மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து இறங்குவதில்லை.

அப்படியென்றால் 100 வாட்ஸ் ஆம்பை ஏன்தான் செய்தார்கள்? அதற்கு ஒரு காலம் இருந்தது. மேற்கு லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962இல் அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மன் ஆம்பை ஒட்டி ஜே.டி.எம்.45ஐக் கட்டினார். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று 1965 வாக்கில் நின்றபோது 100 வாட்ஸும் எட்டு ஸ்பீக்கர் பெட்டியும் பிறந்தன. தூக்கிச் சுமக்க முடியாமல் அந்தப் பெட்டியை நான்கு நான்காகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார்கள். படங்களில் கிட்டார்காரருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நிற்கும் கறுப்புச் சுவர் அதுதான். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே மைதானத்தில் 55,600 பேர் முன்னால் பீட்டில்ஸ் வாசித்தபோது, வாக்ஸ் நிறுவனம் அவர்களுக்கு 100 வாட்ஸ் ஆம்புகளைக் கொடுத்திருந்தது. பாட்டு, மைதானத்தில் அறிவிப்புக்கு வைத்திருந்த ஒலிபெருக்கியில் போனது. கிட்டாரின் சுமை பெரும்பாலும் மேடை ஆம்பின் தலையில். ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை, ஏனென்றால் வாசிப்பவரை நோக்கி வைக்கும் மானிட்டர் அன்று அவர்கள் மேடையில் இல்லை.

இன்று நிலைமை தலைகீழ். தேவாரத்து மேடைக்குச் சவுண்ட் சர்வீஸ்காரர் லாரியில் கொண்டுவந்து இறக்கும் பாக்ஸ்கள் ஆயிரக்கணக்கான வாட்ஸ். கூட்டத்துக்குப் போய்ச் சேரும் கிட்டார், மிக்சர் வழியாக அந்தப் பாக்ஸ்களில்தான் போகிறது. மேடையில் இருக்கும் ஆம்ப் கூட்டத்துக்காக அல்ல, வாசிப்பவருக்காக. இதை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் வாங்கும் பட்டியலே மாறிவிடும்.

பாக்ஸில்தான் கேட்கிறதே, மேடையில் ஆம்பே எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஒலியின் வேகம் அதற்குப் பதில் சொல்லும். 20 டிகிரி வெப்பத்தில் அது விநாடிக்கு 343 மீட்டர். பாக்ஸ்கள் மேடைக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்கின்றன. வாசிப்பவருக்கு அவற்றிலிருந்து வருவது முதுகுப் பக்கத்து முணுமுணுப்புதான். தெளிவாக வருவது, தெருவின் எதிரே 20 மீட்டர் தள்ளி நிற்கும் சுவரில் மோதித் திரும்பும் ஒலி. போய்வரும் 40 மீட்டரைக் கடக்க அதற்கு 117 மில்லி செகண்டு ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டின் கால் பங்கு 125 மில்லி செகண்டு. ஆக, தான் வாசித்த ஸ்வரம் கால் தட்டு பிந்தி, கிட்டத்தட்டத் தாளத்துக்குள்ளேயே விழுந்து திரும்பி வரும். அதைக் கேட்டுக்கொண்டு வாசித்தால் கை தானாகப் பின்வாங்கும், பேட் வாசிப்பவர் முறைப்பார். பக்கத்தில் ஒரு சிறிய ஆம்ப் இருந்தால் மூன்றே மில்லி செகண்டில் சரியான விடை காதுக்கு வந்துவிடும், சுவரிலிருந்து வருவதை மூளை ஒதுக்கிவிடும்.

ஆம்பை வைக்கும் விதமும் அதன் விலையளவுக்கு முக்கியம். 12 அங்குல ஸ்பீக்கரின் கூம்பு ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் அகலம். அதைவிட அலைநீளம் சிறுத்தால், அதாவது சுமார் 1300 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக, ஒலி விரியாமல் நேர்க்கோட்டில் பாயத் தொடங்கும். ஆம்பைத் தரையில் வைத்து முன்னால் நின்றால், பாயும் கூர்மை முழங்காலில் அடிக்கும், காதுக்கு மந்தமான பகுதி மட்டும் வரும். வாசிப்பவர் டிரெபிள் குமிழைத் திருகுவார். மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கு அது ஊசியாய்க் குத்தும். நாற்காலியில் ஏற்றி வையுங்கள், அல்லது பின்பக்கம் சாய்த்துக் காதைப் பார்க்கத் திருப்புங்கள். ஃபெண்டர் ஆம்புகள் சிலவற்றின் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தும் கால்கள் இருப்பது இதற்காகத்தான்.

கிட்டாரிலிருந்து மிக்சர் வரைக்கும் ஓடும் வயரில் நடப்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த பகுதி. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரிழைக் கம்பியை ஏழெட்டாயிரம் சுற்று சுற்றியது. எஃகுக் கம்பி அதன் மேலே அதிரும்போது காந்தப்புலம் ஆடி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். மெதுவாக மீட்டினால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரும். இத்தனை சுற்று சுற்றிய சுருளுக்கு இன்டக்டன்ஸ் அதிகம், 2.5 ஹென்றி என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு சேரும் கேபிள், மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் வீதம் ஒரு கெப்பாசிட்டர். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஒத்ததிர்வு உண்டாகும். 5 மீட்டர் கேபிளுக்கு அது 4500 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், கிட்டாரின் பளபளப்பு அங்கேதான் இருக்கிறது. மேடை முழுக்க நடந்து வாசிக்கலாம் என்று 20 மீட்டர் கேபிள் வாங்கினால் ஒத்ததிர்வு பாதியாக, 2250 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அதற்கு மேலுள்ளதெல்லாம் சரிந்துவிடும். கிட்டார் போர்வைக்குள்ளிருந்து பேசும். பிக்கப்பை மாற்று, ஆம்பை மாற்று என்று பணம் செலவழிப்பதற்கு முன்னால் கேபிளை ஐந்தாறு மீட்டரில் நிறுத்திப் பாருங்கள்.

மிக்சரில் நேரடியாகச் செருகுவதிலும் இதே வகைத் தொல்லைதான். கிட்டார் பிக்கப், எதிர்முனையில் பத்து லட்சம் ஓம் தடையை எதிர்பார்க்கிறது. ஆம்பின் உள்ளீடு அப்படித்தான் கட்டப்பட்டிருக்கும். மிக்சரின் மைக் உள்ளீடு சில ஆயிரம் ஓம் மட்டும். அதில் செருகினால் பிக்கப் சுமை தாங்காமல் மேல்ஸ்தாயி முழுவதையும் இழக்கும். நடுவில் ஒரு டி.ஐ. பாக்ஸ் வேண்டும். அது கிட்டாருக்கு உயர் தடையைக் காட்டி, மிக்சருக்குத் தாழ்ந்த தடையில், சமநிலை வயரில் அனுப்பும். அந்த மூன்று முனை வயரில் ஒரே ஒலிக்குறி இரண்டு கம்பிகளில் நேரும் எதிருமாகப் போகிறது. வழியில் சீரியல் பல்பு வயரிலிருந்து ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். மிக்சர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் அழிந்து இசை மிஞ்சும். ஐம்பது மீட்டர் ஓடினாலும் கவலையில்லை. ஏறத்தாழ இதே தந்திரத்தைப் பிக்கப்பிலேயே செய்தவர் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களைச் சேர்த்து ஹம்பக்கரை 1955இல் உருவாக்கினார். டிம்மர் போட்ட விளக்குகளும் ஜெனரேட்டரும் சூழ்ந்த திருவிழா மேடைக்கு ஒற்றைச் சுருள் கிட்டாரோடு போகிறவருக்கு அவருடைய அருமை தெரியும்.

டி.ஐ. பாக்ஸ் போட்டுத் தெளிவான கிட்டாரை அனுப்பிவிடலாம். டிஸ்டார்ஷன் போட்டு அனுப்பினால் மட்டும் கொசுக்கூட்டம் போலக் கேட்கும், ஏன்? கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் உள்ளதை உள்ளபடி ஒலிப்பதற்குச் செய்ததல்ல. 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே அது வேகமாகச் சரிந்துவிடும். டிஸ்டார்ஷன் என்பது அலையின் முகட்டை வெட்டுவது. வெட்டிய விளிம்புகளிலிருந்து மேல்மடங்குகள் எக்கச்சக்கமாக முளைக்கும். அவற்றில் காதை அறுப்பவற்றைக் கிட்டார் ஸ்பீக்கர் வடிகட்டிவிடும். கச்சேரி பாக்ஸ்களோ 15,000 ஹெர்ட்ஸ் வரை எதையும் விடாமல் ஒலிக்கும். பழைய தீர்வு, ஆம்பின் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக்கை ஒட்டி வைப்பது. அருமையான தீர்வுதான், ஆனால் நம் மேடையில் பக்கத்திலேயே டோலக்கும் ட்ரிபிள் காங்கோவும் இருக்கும், அந்த மைக்கில் பாதி அவைதான் விழும்.

புதிய தீர்வு, கிட்டாரின் ஒலியை இலக்கமுறையில் மாற்றித் தரும் ப்ராசஸர் என்ற கருவிக்குள் இருக்கிறது. மண்பானை வாங்கும்போது விரலால் ஒரு தட்டுத் தட்டி, வரும் ஒலியை வைத்து அதன் குணத்தை எடைபோடுகிறோமே, ஆய்வகத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்கும் அதையேதான் செய்கிறார்கள். மிகக் குறுகிய ஒரு துடிப்பைக் கொடுத்து, பெட்டி எப்படி அதிர்ந்து அடங்குகிறது என்பதைப் பதிவுசெய்கிறார்கள். விநாடிக்கு 48,000 மாதிரி வீதம் 2048 மாதிரிகள் எடுத்தால் 43 மில்லி செகண்டு. பெட்டியின் குணம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். உங்கள் கிட்டாரிலிருந்து வரும் ஒலியும் இலக்கமுறையில் சின்னச் சின்னத் துடிப்புகளின் வரிசைதானே? ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தப் பெட்டி என்ன பதில் சொல்லியிருக்கும் என்பதைப் போட்டு, எல்லாவற்றையும் கூட்டிவிட்டால், இல்லாத பெட்டியின் வழியே வந்த கிட்டார் மிக்சருக்குப் போய்ச் சேரும். 1998இல் லைன் 6 நிறுவனத்தின் 'பாட்' வந்தபோது ஆம்பைக் கணக்காக மாற்றும் இந்த முயற்சியைப் பலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். இன்று திருவிழா மேடையில் கண்ணை மூடிக் கேட்டு வித்தியாசம் சொல்பவர் இருந்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

வால்வு ஆம்ப் ஆசை இதற்குப் பிறகும் சிலருக்கு விடாது. ஆசையில் நியாயம் இருக்கிறது. வால்வு திணறும்போது அலையின் முகடு ஒரேயடியாக வெட்டுப்படாமல் மெல்ல மழுங்குகிறது. அழுத்தி மீட்டினால் உறுமும், மெதுவாக மீட்டினால் தெளியும். கைக்குக் கிடைக்கும் அந்தப் பதில் போதையானது. ஆனால் இந்த மலையடிவாரத்துக்கு அது பொருந்தாது என்பேன். வால்வுக்குள் சூடாகும் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும். அது மின்மாற்றி வழியாக 230 வோல்ட்டிலிருந்து நேராக இறங்குகிறது. ஊரில் எல்லா விளக்கும் எரியும் நேரத்தில் லைன் 190க்கு இறங்கினால் இழைக்குக் கிடைப்பது 5.2. ஒலி சோர்ந்துபோகும். ஜெனரேட்டரை மாற்றும் நொடியில் எகிறினால் வேறு வகைச் சேதம். உள்ளே முன்னூறு நானூறு வோல்ட் வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளை அடிக்கும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டத் திருவிழாவுக்கு ஜீப்பில் போகும் குழுவோடு ஒரு வால்வு ஆம்பை அனுப்புவது அதற்குச் செய்யும் பாவம். டிரான்சிஸ்டர் ஆம்பிலும் பெரிய பேர் வாங்கியவை உண்டு. 1975இல் வந்த ரோலண்ட் ஜே.சி.-120 இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஆனால் அது இருபத்தெட்டு கிலோ, 120 வாட்ஸ். நம் தேவைக்கு அதிகம். 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் ஏற்கும் சுவிட்ச் மோட் சப்ளை உள்ள, 10 முதல் 30 வாட்ஸுக்குள் ஒரு டிரான்சிஸ்டர் அல்லது டிஜிட்டல் ஆம்ப், கூடவே ஸ்பீக்கர் கணக்கு உள்ள ஒரு ப்ராசஸர், ஐந்தாறு மீட்டர் நல்ல கேபிள், ஒரு டி.ஐ. பாக்ஸ். இவ்வளவுதான் என் பட்டியல். ப்ராசஸரிலிருந்து ஒரு வழி மிக்சருக்கு, ஒரு வழி பக்கத்து ஆம்புக்கு. ஆம்ப் பழுதானாலும் கச்சேரி நிற்காது.

பேஸ் கிட்டாருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ், அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். காது கீழ்ச்சுருதியில் மந்தம். 1933இல் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது போல, நடு ஸ்தாயியில் சின்ன ஒலி எழுப்பும் உணர்வைக் கீழே எழுப்பப் பல மடங்கு சக்தி வேண்டும். 'ராஜ ராஜ சோழன் நான்' பாட்டின் பேஸ் ஓட்டத்தை வாசிக்க விரும்புபவர் சின்ன ஆம்போடு மல்லுக்கட்டாமல் டி.ஐ. வழியே சவுண்ட் சர்வீஸின் சப்-வூஃபரிடம் சரணடைவது மேல்.

அக்கூஸ்டிக் கிட்டாருக்குத் தனித் தலைவலி. 'இளைய நிலா' வராத ஆர்கெஸ்ட்ரா இந்த மாவட்டத்தில் அபூர்வம், அந்தப் பாட்டின் உயிரோ அக்கூஸ்டிக் கிட்டாரின் கம்பி ஓட்டம். அந்தக் கிட்டாரின் உடல் ஒரு காற்றுப் பெட்டி. பெட்டியும் துளையும் சேர்ந்து 100 ஹெர்ட்ஸ் அருகே தானாக ஒலிக்கும். மானிட்டரிலிருந்து வரும் அந்தச் சுருதி பெட்டியை அதிரவைக்கும், அதிர்வு பிக்கப் வழியே மறுபடி மானிட்டருக்குப் போகும், ஒவ்வொரு சுற்றிலும் பெருகும். கடைசியில் "ஊம்ம்" என்று எல்லாரையும் திரும்பிப் பார்க்கவைக்கும். துளையை ரப்பர் மூடியால் அடைத்தால் பெட்டியின் பிடிவாதம் குறையும். ப்ரீ-ஆம்பில் ஃபேஸ் பொத்தான் இருந்தால் அமுக்கிப் பாருங்கள், திரும்பி வரும் அலை எதிர்ப்பக்கம் விழுந்தால் பெருகாது. அதற்கும் அடங்கவில்லையென்றால் மிக்சர்காரரிடம் 100 ஹெர்ட்ஸை மட்டும் கொஞ்சம் வெட்டச் சொல்லலாம். எக்கோவைக் குறைக்கச் சொன்னால்தான் அவர் கோபிப்பார்.

எர்த் பற்றிச் சொல்லாமல் வாங்கும் பட்டியலைக் கொடுப்பது பொறுப்பாகாது. மேடையில் "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் கேட்டால், ஆம்ப் ஒரு இடத்திலும் மிக்சர் வேறொரு இடத்திலும் எர்த் ஆகியிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். இரண்டு எர்த்துக்கும் நடுவிலுள்ள சிறு வோல்ட்டேஜ் வித்தியாசம் கேபிளின் வலைக்கம்பியில் ஓடுகிறது. இதற்குச் சிலர் பிளக்கின் மூன்றாவது முனையைக் கழற்றிவிடுவார்கள். ஹம் போய்விடும். கூடவே பாதுகாப்பும் போய்விடும். கிட்டார்காரரின் இடது கை கம்பியில், அதாவது ஆம்பின் எர்த்தில் இருக்கிறது. உதடு மைக்கில், அதாவது மிக்சரின் எர்த்தில் இருக்கிறது. இரண்டில் ஒன்று பழுதாகி ஃபேஸ் ஏறினால் நடுவில் நிற்பது இதயம். 1972 மே 3 அன்று ஸ்வான்சீ நகர மேடையில் 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி மைக்கைத் தொட்டபோது இப்படித்தான் இறந்தார். சரியான வழி, டி.ஐ. பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான். அது ஒலிக்கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்டின் எர்த் அப்படியே இருக்கும். ஆம்பையும் மிக்சரையும் ஒரே இடத்திலிருந்து வரும் கரண்டில் இணைத்தால் பாதித் தொல்லை தொடங்கவே தொடங்காது. வாசிக்கும் முன் டெஸ்டரை மைக் வலையில் ஒருமுறை வைத்துப் பார்க்கலாம். சித்திரை மழை பெய்து ஈரமான மேடையில் செருப்பில்லாமல் நிற்பவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் நாலு மணிக்குச் செட் பண்ணிப் பார்த்துவிட்டு, அதையே நம்பி இராத்திரி வாசிக்கும் குழுக்கள் உண்டு. தேவாரம் போன்ற ஊரில் அது ஏமாற்றும். வெயிலில் காய்ந்த தரைக்கு அருகே காற்று சூடு, மேலே குளிர்ச்சி. ஒலி சூடான காற்றில் வேகமாகப் போவதால் அலை மேல்நோக்கி வளைந்து கூட்டத்தின் தலைக்கு மேலே போய்விடும். சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கும் ஊர் இது. இருட்டியதும் சரிவிலிருந்து குளிர்ந்த காற்று அடிவாரத்துக்கு வழிந்து இறங்கித் தரையில் படியும், மேலே உள்ளது வெதுவெதுப்பாகவே இருக்கும். இப்போது ஒலி கீழ்நோக்கி வளையும். அடுத்த ஊரில் படுத்திருப்பவருக்குப் பாட்டின் வரி வரை கேட்பது இதனால்தான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. திருவிழாக்களுக்கு நள்ளிரவு வரை மாநில அரசு விலக்குக் கொடுக்கலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. கூம்பு ஒலிபெருக்கிக்குத் தமிழ்நாட்டில் தடையே வந்துவிட்டது. ஊருக்கு எவ்வளவு சத்தம் என்பதை மிக்சர்காரர் மணிக்கொருதரம் பார்த்துக் குறைக்க வேண்டியிருக்கும். தன் ஆம்பைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்ட கிட்டார்காரர் அவருக்கு அந்த வேலையை எளிதாக்குகிறார். 100 வாட்ஸைத் திறந்துவிட்டவரின் கிட்டாரை மிக்சரால் குறைக்கவே முடியாது.

குளிர் இறங்கும்போது எஃகுக் கம்பியும் சுருங்கி, சுருதி ஏறும். மேடை விளக்கின் சூட்டில் அது மறுபடி இறங்கும். மலை ஏறிப் போகும் குழு, கிட்டாரை உறையிலிருந்து எடுத்து அரை மணி நேரம் அந்தக் காற்றிலேயே வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேர்க்கட்டும். ப்ராசஸர் வாங்குபவர்களுக்கு அதற்குள்ளேயே ட்யூனரும் இருக்கும். அதை மிதித்தால் மிக்சருக்குப் போகும் ஒலி நின்றுவிடும் என்பதால், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்துக்குத் தெரியாமல் சரிசெய்துவிடலாம்.